மாமாவின் கேமராவில் எங்கள் பருத்தி

என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். ஊசியில் நூல் கோக்க இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம். பேருந்துப் பலகையை வாசிக்கக் கண்ணைச் சுருக்குகிறோம். எனக்கும் அப்படித்தான். ஆனால் பதின்மூன்று வயதில் ஒரு பனிக்காலம் முழுக்க, எள்ளில் பாதிகூட இல்லாத பூச்சிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தவள் நான். பார்த்ததோடு நிற்காமல் படமும் எடுத்தேன். அதனால் யாருக்கும் நல்லது நடக்கவில்லை.

அரியலூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் வெட்டுகிற மைன்ஸுக்குப் போகும் சாலையை ஒட்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை இருந்தது. கொல்லை என்றால் எங்கள் பக்கம் மானம் பார்த்த புன்செய். பொழுது ஏறினதும் லாரிகள் ஓட ஆரம்பித்தால் இருட்டும்வரை ஓடும். கருவேல மரம் வெள்ளை, வேலி வெள்ளை, பிள்ளையார் வெள்ளை. காலையில் கறுப்பாகப் போன எங்கள் ஆடு சாயங்காலம் சாம்பல் நிறத்தில் திரும்பும். அம்மா அதன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கட்டுவாள்.

பருத்தியையும் அப்படித்தான் தட்டினோம். சாலையோரக் கொல்லைக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துக்கொண்டு, சால் சாலாக நடந்து, செடிக்குச் செடி மேலிருந்து கீழே இரண்டு வீச்சு. தூசி கொட்டும். பனி காயும்முன் தட்டக்கூடாது. தட்டினால் தூசி மாவாகக் குழைந்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். பனி காய்ந்த பிறகு, முதல் லாரி வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஒரு கொத்து கிழிந்துபோகும்வரை அதே கொத்துதான். நம் கொல்லையை முடித்துவிட்டுப் பக்கத்துக் கொல்லைக்கும் ஒரு கை கொடுப்போம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம் இல்லை. சாலை வந்தது, தூசி வந்தது, தட்டினோம்.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்பு பாதியில் விட்டிருந்தேன். பெரிய காரணம் இல்லை. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இன்றைக்கும் வராது. அதற்கப்புறம் நான் எத்தனை ஊரில் எத்தனை வேலைக்குப் போனேன் என்பதை எழுதினால் அதுவே ஒரு நோட்டு ஆகும்.

கேமரா அம்மாவின் தம்பியுடையது. மாமா தா.பழூரில் இருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழா என்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டார். போகும்போது ஒரு துணிப்பையை எங்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டுப் போனார். கேமரா, செங்கல் கனத்தில் ஒரு பிளாஷ், அஞ்சு பிலிம் ரோல்.

"அக்கா, கேமராவ யாரும் தொட வேணாம். நான் வந்தா இதுதான் பொழப்பு. பிலிமு மட்டும் வச்சா கெட்டுப்போயிடும். எவனாச்சும் கேட்டா குடுத்துடு."

யாரும் கேட்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாளே உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு லென்ஸைத் திருகினேன், அது கையோடு வந்துவிட்டது. அம்மா வருவதற்குள் மாட்டிவிட வேண்டுமென்ற பதற்றத்தில் முன்பின் பார்க்காமல் தலைகீழாக வைத்து அழுத்தினேன். மாட்டிக்கொள்ளவில்லை. சரியாக உட்கார்ந்ததா என்று ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தபோது, டிரம்மின் விளிம்பில் ஆடு அளவுக்கு ஓர் எறும்பு நின்றது. அதன் தாடையில் ஒரு குருணை. காலில் மயிர். கொஞ்சம் அசைந்தேன், எறும்பு புகையாகிப் போனது. திரும்ப முன்னால் சாய்ந்தேன், திரும்ப வந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. தலைகீழ் லென்ஸைக் கேமராவோடு சேர்த்துப் பிடிக்க ஒரு துண்டு சைக்கிள் டியூப் போதுமானதாக இருந்தது. லென்ஸிலும் பாதி, கேமரா வாயிலும் பாதி இழுத்து மாட்டினால் வெளிச்சம் புகாது. அப்புறம் லென்ஸைத் திருகிப் பயனில்லை. பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே நாலு விரல் தூரம். அந்தத் தூரத்துக்கு நாம்தான் போக வேண்டும், உடம்போடு. மூச்சு விட்டால்கூட படம் தப்பிவிடும். முதல் ரோல் முழுக்க எறும்பு, கருவேல முள்ளில் உட்கார்ந்த ஊசித்தட்டான், ஆட்டின் காதில் இருந்த உண்ணி. பிளாஷ் ஒவ்வொரு முறையும் அடித்துவிட்டு, கொசு மாதிரி 'ஙீ' என்று கத்திக்கொண்டே மறுபடி தயாராகும். அந்தச் சத்தம் நிற்கும்வரை காத்திருப்பேன்.

அரியலூரில் மாமாவுக்கு வேண்டிய ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருந்தார். மாமா பெயரைச் சொன்னதும் ரோலை வாங்கிக் கழுவினார். மறுவாரம் போனபோது பிலிமைத் தூக்கி டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, சுண்ணாம்புக் காளவாய்க்குள்ள நின்னு எடுத்தியா? ஒண்ணு விடாம வெள்ள."

"எறும்புங்க அது."

"எறும்பா? எறும்புக்கு இம்மாம் பெரிய பிளாஷா? பாவம், அது இன்னிக்கும் கண்ணு தெரியாமத் திரியும்."

வெளிச்சம் அதிகம் என்று மட்டும் புரிந்தது. இரண்டாவது ரோலுக்கு, வெளிச்சத்தைக் குறைக்கிற லென்ஸ் வளையத்தைப் பதினாறாம் எண்ணுக்கும், கேமராவின் தலையில் இருந்த வேக வட்டத்தைக் கடைசி எண்ணுக்கும் திருகிவிட்டேன். வளையத்தை அப்படித் திருகினால் உள்ளே பார்க்கும்போது ஒரே இருட்டு. ஆகவே வளையத்தைத் திறந்துவைத்துப் பூச்சியைப் பார்த்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், 'டிக் டிக்' சத்தத்தை விரலால் எண்ணியே பதினாறுக்குக் கொண்டுபோகப் பழகினேன். அந்த ரோலில் எல்லாப் படமும் பாதி கறுப்பு.

"பாதி பகலு, பாதி ராத்திரி" என்றார் ஸ்டுடியோக்காரர். "அந்த வட்டத்துல உங்க மாமன் நகப்பாலீஷ் வச்சிருப்பானே, பாக்கலியா? பிளாஷ் போட்டா அந்த அறுபதத் தாண்டக் கூடாது."

அந்த வேக வட்டத்தில் அறுபதுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொட்டை அத்தை விளையாட்டாக வைத்தது என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது ரோலில்தான் பூச்சிகள் பூச்சிகளாக விழுந்தன. முந்தின ரோலில் தெரிந்த பாதியிலும் லென்ஸின் நிழல் கீழே விழுந்து பூச்சிக்குக் கழுத்துவரைதான் வெளிச்சம் இருந்தது; அதனால் இந்த முறை ஒரு வேலை செய்தேன். தினசரி காலண்டரின் அட்டையைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் கீழே வரும்படி மடித்து, பிளாஷின் தலையில் ரப்பர் பேண்டால் கட்டினேன். வெளிச்சம் அட்டையில் பட்டு, மேலிருந்து வழிந்து பூச்சியின் மேல் விழுந்தது. இன்னொன்றும் தானாகக் கைவந்தது. பூச்சி உட்கார்ந்த காம்பை இடது கை விரலால் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்வது. காற்றடித்தால் செடியும் நானும் சேர்ந்தே ஆடுவோம். இரண்டும் சேர்ந்து ஆடினால் ஆடாத மாதிரிதான்.

அந்த ரோலில் ஒரு ஊசித்தட்டான், விடியற்காலைப் பனியோடு. அதன் கண்ணில் ஒட்டியிருந்த ஒவ்வொரு துளிக்குள்ளும் காலண்டர் அட்டை வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. ஸ்டுடியோக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இத எவம்மா வாங்குவான்?"

அந்த வருடம் மழை சீக்கிரமே நின்றுபோனது. வழக்கமாகத் தூசியைக் கழுவுகிற மழை வராததால், மார்கழியில் பருத்தி மொக்கு வைக்கும்போது செடியெல்லாம் சுண்ணாம்படித்த மாதிரி நின்றது. தட்டினாலும் போகவில்லை. கணுவிலும் காம்படியிலும் பஞ்சு திணித்த மாதிரி வெள்ளை. குருத்து உள்ளங்கையை மூடின மாதிரி சுருண்டது. மைன்ஸில் புதிதாக ஏதோ வேட்டு வைக்கிறார்கள், இது வேறு மாதிரித் தூசி, ஒட்டுகிற தூசி என்று பேச்சு கிளம்பியது. எல்லாரும் முன்பைவிடப் பலமாகத் தட்டினோம். காலையில் ஒரு முறை தட்டினவர்கள் சாயங்காலமும் தட்டினார்கள்.

அந்தப் பருத்தி வெடித்தால்தான் நாங்கள் ஊரில் இருக்க முடியும். சூளை மேஸ்திரி அதற்குள் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, குடும்பத்தோடு செங்கல் அறுக்க வர்றீங்களா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். அப்பா இரண்டு முறையும் "பருத்தி இருக்குய்யா" என்றார்.

அப்பா யாரோடும் சத்தமாகப் பேசாதவர். ஆபீஸ் என்று எழுதிய எந்த வாசலிலும் ஏறாதவர். எங்கள் கொல்லை சாலையின் முதல் கொல்லை என்பதால், மனு கொடுக்க அவரை முன்னால் நிறுத்தினார்கள். பதினோரு கொல்லைக்காரர்கள். மைன்ஸ் தூசியால் பயிர் போகிறது, நஷ்ட ஈடு வேண்டும், சாலைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று மனு. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நகலை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் என்னைப் படிக்கச் சொல்வார். 'மேற்படி சுண்ணாம்புத் தூசி இலைகளின் மீது படிந்து' என்ற இடம் வரும்போது தலையை ஆட்டுவார். அந்த மாதத்தில் அவர் நடையே மாறிப்போயிருந்தது. கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

திங்கட்கிழமை பஸ் ஏறி, அப்போது எங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் இருந்த பெரம்பலூர் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பார்வையிட ஆபீசர் வருவார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் அந்த வெள்ளையைப் படம் எடுத்தது அது ஓடாது என்பதால்தான். தட்டான் ஓடும், எறும்பு ஓடும். தூசி எங்கே போகும்? வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்று பழகிப் பார்க்கலாம். பனியோடு போய், நாலாவது சாலில் ஒரு கணுவைப் பிடித்து, லென்ஸைக் கையில் சாய்த்து, முன்னால் சரிந்தேன். புகைக்குள்ளிருந்து அது வந்தது. வரி வரியாக ஒரு முதுகு. முதுகெல்லாம் மாவு. ஓரத்தைச் சுற்றி வெள்ளை முள். கீழே காலை ஊன்றி, இலைக்குள் மூக்கைக் குத்தி வைத்திருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. அடியில் மஞ்சளாக, கண்ணுக்கே தெரியாத குஞ்சுகள் ஊர்ந்தன. ஓர் எறும்பு வந்து அதன் பின்பக்கத்தைத் தடவிக்கொடுத்து எதையோ குடித்தது. நான் விரலால் எண்ணிப் பதினாறில் வைத்து அடித்தேன். எத்தனை அடித்தேன் என்று தெரியாது. கையிலிருந்த வேப்பங்கொத்தைப் பிறகுதான் அதே லென்ஸ் வழியாகப் பார்த்தேன். இலைக்கு இலை மஞ்சள் குஞ்சு ஊர்ந்துகொண்டிருந்தது.

படம் நன்றாக வந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் தானாகவே இரண்டு பிரிண்ட் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார். ஒன்றைக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். அம்மா அடுப்பில் இருந்தாள்.

"என்னா இது? தலப்பேனா?"

"நம்ம பருத்தியில இருக்கற வெள்ளப்பா. தூசி இல்ல. பூச்சி. காலு இருக்கு பாரு."

அவர் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எங்க எடுத்த?"

"நாலாவது சால்ல."

"அங்க மட்டும் இருக்கும்."

"எல்லாத்துலயும் இருக்குப்பா. நாமதான் தட்டித் தட்டி ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு..."

"போதும்."

அம்மா திரும்பாமலே கேட்டாள். "பூச்சின்னா நல்லதாப் போச்சு. மருந்தடிச்சிடலாமில்ல?"

"பூச்சின்னா மனு எதுக்குடி?" என்றார் அப்பா. "பத்துப் பேரு என் பின்னாடி பெரம்பலூருக்கு வந்தானுவ. அவனுவகிட்டப் போயி இது பேனுங்கடான்னு சொல்லவா?"

"அதுக்காவ?"

"தூசிதான். தூசி இல்லாம இருக்கா? போயி நின்னு பாரு, மூஞ்சில அப்புது. தூசியில நாலு பூச்சி இருக்கத்தான் செய்யும்."

படத்தைக் கூரைக் கீற்றுக்குள் செருகிவிட்டார். இன்னொரு படம் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் "நீ இன்னிக்கித் தட்ட வர வேணாம்" என்றார். வேலியிலிருந்து பார்த்தேன். பக்கத்துக் கொல்லைப் பெரியப்பா அவருடைய கொல்லையில் தட்டிக்கொண்டிருந்தார். அப்பாவும் கொத்தை வீசிக்கொண்டு போனார். ஆனால் கொத்து செடியில் படவில்லை. செடிக்கு ஒரு சாண் மேலே காற்றைத் தட்டிக்கொண்டே சால் முழுக்க நடந்தார். பெரியப்பா "என்னடா, ஒன் செடியில தூசியே பறக்கல?" என்று கத்தினார். அதற்கப்புறம் அப்பா செடியிலேயே தட்டினார்.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். கூடவே மைன்ஸ் தரப்பில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். பதினோரு வீட்டு ஆட்களும் எங்கள் கொல்லை முனையில் கூடியிருந்தார்கள். ஆபீசர் நல்லவர்தான். செருப்போடு கொல்லையில் இறங்கி, நாலைந்து இலையைக் கிள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் வெளுத்தது. அதைச் சட்டைக்காரரிடம் காட்டினார்.

"தூசி இருக்கத்தாங்க செய்யுது. இல்லேன்னு சொல்ல முடியாது."

அப்பாவின் முகம் அன்று இருந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தூசிக்கு மனு, அது வேறு. பூச்சிக்கு மருந்து, இது வேறு. இரண்டும் வேறு வேறு என்று நினைத்தேன். மேற்குப் பக்கம் அஞ்சு சால் இன்னும் பச்சையாக நின்றது. ஆபீசர் என்றால் செடிக்கு டாக்டர். டாக்டர் வந்திருக்கும்போது புண்ணைக் காட்டாமல் விட்டால் அந்த அஞ்சு சாலும் போய்விடும். பாவாடைக்குள் வைத்திருந்த படத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"சார், இந்தப் பூச்சிக்கு என்னா மருந்து அடிக்கணும்?"

ஆபீசர் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது எங்க கிடைச்சுது?"

"இந்தக் கொல்லைதாங்க. நான்தான் எடுத்தேன்."

"நீயா? எதுல எடுத்த?"

"லென்ச திருப்பி வச்சு, பிளாஷ் போட்டுங்க சார்."

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு படம் பாத்ததில்லங்க. இது மாவுப்பூச்சி. எறும்பு வந்து தேன் குடிக்கறதுகூட விழுந்திருக்கு பாருங்க. இந்தப் புள்ளயப் படிக்க வைங்கய்யா!" என்று என் தலையில் கை வைத்தார்.

என் வாழ்நாளில் நாலு பேர் நடுவில் ஒருவர் என்னைப் புகழ்ந்தது அது ஒரு தடவைதான். காது சூடாகி நின்றேன்.

வெள்ளைச் சட்டைக்காரர், "கொஞ்சம் குடுங்க சார்" என்று கையை நீட்டினார். பார்த்தார். எதிலும் அவசரம் இல்லாத குரலில் சொன்னார். "பாப்பாவே கண்டுபுடிச்சிடுச்சே. அப்புறம் நாங்க சொல்றதுக்கு என்னங்க இருக்கு?"

படம் கோப்புக்குள் போனது. ஆபீசர் ஏதோ எழுதினார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. பருத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொண்ண நல்லா வளத்துருக்கடா" என்றுவிட்டு நடந்தார்.

ஆபீசர் சொன்ன மருந்தை அடித்தோம். அந்த மாவின் மேல் மருந்து ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழும். மேற்கு அஞ்சு சாலும் பத்தே நாளில் வெளுத்தன. பயிர்ச் சேதம் பூச்சியால்தான், தூசியால் அல்ல என்று அறிக்கை போனது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பதினோரு கொல்லைக்கும் சேர்த்து ஒரே அறிக்கை. யார் வீட்டிலிருந்தும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலாம். டீக்கடையில் பெரியப்பா கேட்டதாக அம்மாவிடம் ஒருத்தி வந்து சொன்னாள்: "மைன்ஸ்காரன் என்னாடா குடுத்தான், பொண்ண வச்சுப் படம் புடிச்சுக் குடுக்கறதுக்கு?" அப்பா கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். அதற்கப்புறம் டீக்கடைக்குப் போகவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாதான் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அன்னிக்கி வாயக் கட்டிட்டு நிக்க முடியலயாடி ஒனக்கு?" என்றாள்.

பல வருடம் கழித்து ஓசூர்ப் பக்கம் ஒரு பூப்பண்ணையில் வேலை பார்த்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை, பண்ணையைச் சுற்றியுள்ள மண் பாதைக்குத் தண்ணீர் தெளிப்பது. எதற்கு என்று மேற்பார்வைக்காரம்மாவைக் கேட்டேன். தூசி படிந்தால் மாவுப்பூச்சி வரும் என்றார். மாவுப்பூச்சியைத் தின்கிற குட்டிக் குளவி ஒன்று இருக்கிறது, இலையில் தூசி இருந்தால் அதனால் பிழைக்க முடியாது, அது செத்தால் மாவுப்பூச்சிக்குக் கேட்க ஆளில்லை. ஏதோ சமையல் குறிப்பு மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஹோஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஒரே இடத்தில் குழி பறித்துக்கொண்டிருந்தது.

தூசிதான் என்று அப்பா சொன்னது சரி. பூச்சி என்று நான் சொன்னதும் சரி. அந்த ஆபீசருக்கு இது தெரியுமா, தெரிந்தும் எழுதவில்லையா என்று எனக்குத் தெரியாது. அப்பா செத்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கேமராவை மாமா திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். உள்ளே தூசி போய் வளையம் நறநறவென்று சுற்றியது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதற்குள் எல்லாரும் வேறு கேமரா வாங்கிவிட்டார்கள். நெகட்டிவ்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தண்ணீர் புகுந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஊசித்தட்டானும் போயிற்று.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேரும் சூளைக்குப் போவது முடிவாகியிருந்தது. மறுவாரம் மேஸ்திரியின் வேன் வரும். ஒரு காலையில் அப்பா என்னிடம் வந்து நின்றார்.

"பிலிமு இருக்கா?"

"கடைசி ரோல்ல மூணு இருக்குப்பா."

"வா. தூசிய எடு."

"தூசியவா?"

"பூச்சி இல்லாத எல ஒண்ணு எடுத்துக் காட்டுறேன். அதுல இருக்கற தூசிய மட்டும் எடு. பூச்சிய அப்படி எடுத்தேல்ல, அந்த மாதிரி."

கொல்லை முழுக்கத் தேடினார். ஒவ்வொரு இலையாகத் திருப்பி, கண்ணருகே கொண்டுபோய், விரலால் தடவிப் பார்த்து விட்டுவிட்டு நடந்தார். கடைசியில் சாலை முனையில் ஒரு செடியில் அப்படி ஓர் இலை கிடைத்தது. பூச்சி இல்லை. தூசி மட்டும். காம்பை நான் பிடிக்கப்போனேன், "நீ எடு, நான் புடிச்சுக்கறேன்" என்று அவரே பிடித்துக்கொண்டார். நான் சொல்லாமலே மூச்சை அடக்கிக்கொண்டார். அவர் கை என் லென்ஸுக்குக் கீழே துளிக்கூட ஆடவில்லை. மூன்று முறை அடித்தேன். ஒவ்வொரு முறையும் பிளாஷ் தயாராகும்வரை அவர் மூச்சு விடாமலே நின்றார்.

பிரிண்டை வாங்கிக்கொண்டு அரியலூரிலிருந்து அப்படியே பெரம்பலூருக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் அதை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. நான் ஸ்டுடியோவிலேயே பார்த்திருந்தேன். மூன்றில் இரண்டு வெறும் வெள்ளை. தூசிக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. பிளாஷ் வெளிச்சத்தில் அது பவுடர் மாதிரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடந்தது. மூன்றாவது படத்தில் காம்பைப் பிடித்திருந்த அப்பாவின் கட்டைவிரல் விழுந்திருந்தது. அது மட்டும் ரேகை ரேகையாக, நகக்கண்ணில் இருந்த சுண்ணாம்போடு, அவ்வளவு துல்லியமாக.

வரிசையில் நின்று உள்ளே போனோம். அங்கே இருந்த கிளார்க் மனு எண்ணைக் கேட்டுப் பேரேட்டைப் புரட்டினார். அப்பா மூன்று படத்தையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"என்னங்க இது?"

"தூசிங்க."

கிளார்க் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தேடினார். "ஒண்ணும் தெரியலயே பெரியவரே. ஒங்க வெரல்தான் இருக்கு."

"நல்லாப் பாருங்க சார். பூரா அதாங்க."

"இந்த மனு அப்பவே முடிஞ்சு போச்சுங்க. பதில் ஒங்க ஊருக்கு அனுப்பியிருக்கோம், யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கல போல. திரும்பி வந்துடுச்சு. வந்ததுக்கு இப்ப வாங்கிட்டுப் போயிடுங்க." ஒரு கவரை எடுத்து நீட்டினார். நோட்டைத் திருப்பி மைப்பெட்டியைத் தள்ளினார்.

அப்பா கட்டைவிரலை மையில் அழுத்தி நோட்டில் வைத்தார். கிளார்க் எட்டிப் பார்த்தார். நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விட்டு, பாதிதான் விழுந்திருந்தது.

"மை ஏறவே இல்லயே. வெரல் பூரா என்னங்க இது, ஒரே தூசியா இருக்கு. தொடச்சிட்டு வைங்க."

அப்பா வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தார்.